வராதவர் ஒருவர்

1

நான் அபர்டீனில் வந்து இறங்கி இந்தக் கார்த்திகையோடு இருபத்தாறு வருடம் ஆகிறது. வருடா வருடம் அந்த நாளில் எனக்கு ஒரு வேலை உண்டு. அட்டைப் பெட்டியில் இருக்கும் நாட்குறிப்புகளை வெளியே எடுத்துத் துடைத்து, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்து, மறுபடி வரிசையாக அடுக்கி வைப்பேன். இந்த ஊர்க் குளிரில் மனிதர்கள் பிழைப்பதே கஷ்டம், பூச்சி எங்கே பிழைக்கும் என்பது என் மகள் கயல்விழியின் வாதம். அதை அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். நான் தமிழில் பதில் சொல்வேன். எங்கள் வீட்டுப் பேச்சு பல வருடமாக இப்படித்தான், இரண்டு வானொலிகளை எதிரெதிரே வைத்தது போல நடக்கிறது.

நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தது பதினோராம் வகுப்பில். அரிமளத்தில் மழை பெய்த நாட்கள், புதுக்கோட்டை பஸ் தாமதமான நிமிடங்கள், யார் வீட்டு விசேஷத்துக்கு யார் வரவில்லை என்பது வரை அதில் இருக்கும். வரலாற்று நூல்களை அளவுக்கு மீறிப் படித்ததால் வந்த வினை. சாசனம் வெட்டியவன் போய்விட்டான், கல் நிற்கிறது. அதுபோல என் நோட்டும் நிற்கும் என்று ஒரு நினைப்பு. ஆனால் என் குறிப்பைச் சான்றாகக் கேட்டு இத்தனை காலத்தில் ஒருவரும் வந்ததில்லை.

இந்த வருடம் ஒருவர் கேட்டார். எடுத்துக் காட்டும் நிலையில் நான் இல்லை. அந்தக் கதைதான் இது.

2

என் வேலை என்ன என்று ஊரில் இன்னும் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. அரிமளத்தில் என் சித்தப்பா எல்லோரிடமும் நான் வெளிநாட்டில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் என்று சொல்லி வைத்திருக்கிறார். அது முழுப் பொய்யும் இல்லை. ஆற்றுத் தண்ணீரையும் கடல் தண்ணீரையும் போத்தலில் பிடித்து வந்து, அதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கும் கூடத்தில் நான் ஒரு டெக்னீஷியன். விஞ்ஞானி இல்லை. விஞ்ஞானிகள் எழுதும் கட்டுரையின் கடைசிப் பத்தியில் நன்றி சொல்லப்படும் ஆள்.

சுற்றுச்சூழல் அறிவியலில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு சங்கம் உண்டு. அதில் நானும் சந்தா கட்டுகிறேன். சங்கத்தின் கையேட்டில் என் படம் இருக்கிறது. ஆற்றங்கரையில் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பது போல நிற்பேன். அது எடுக்கப்பட்டு பன்னிரண்டு வருடம் ஆகிறது. வருடா வருடம் கையேட்டின் அட்டை மாறும், தலைவர் மாறுவார், நான் மட்டும் அதே கறுத்த மீசையோடு அதே போத்தலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சங்கத்தில் பல இனத்தவரும் இருக்கிறார்கள் என்பதற்கு அந்தப் படம்தான் ஆதாரம். உண்மையில் வேறு ஆதாரம் அதிகம் இல்லை.

இது சங்கத்துக்கே உறுத்தியிருக்க வேண்டும். இந்தத் துறைக்குள் இதுவரை வராதவர்களை வரவழைக்கும் திட்டங்களுக்கு, எந்த நாட்டில் இருந்தாலும், சிறு நிதி தருவது என்று முடிவு செய்தார்கள். விண்ணப்பங்களைப் பார்க்க ஒரு குழு அமைத்தார்கள். குழுவில் யாரைப் போடலாம் என்று யோசித்தபோது, அவர்கள் கையில் கையேடு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சேருவதற்கு முன் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். நான் எந்த இனம் என்று கட்டத்தில் குறியிட வேண்டும். இப்படிப்பட்ட படிவங்களின் நகல் எல்லாவற்றையும் நான் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்த்தேன். இருபத்தாறு வருடத்தில் நான் நான்கு வெவ்வேறு கட்டங்களில் இருந்திருக்கிறேன். நான் மாறவில்லை, கட்டங்களை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஒருமுறை மட்டும் "பிற" என்பதில் குறியிட்டிருக்கிறேன். அன்றைய குறிப்பைப் பார்த்தால் காய்ச்சல் என்று இருக்கிறது.

3

எனக்கு ஒதுக்கப்பட்டவற்றில் ஒரு விண்ணப்பம் கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்திருந்தது. அபர்டீன் குளிரில், ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, புதுக்கோட்டை மாவட்டத்துப் பின்கோடை இரண்டு தடவை படித்தேன். ஒரே மாவட்டத்துக்காரர் என்றால் நான் மதிப்பிடலாமா என்று குழுத் தலைவர் மார்கரெட்டிடம் கேட்டேன். அவர் ஓய்வு பெற்ற மண் ஆய்வாளர்; விதி என்றால் விதி என்று இருப்பவர். உங்கள் மாவட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டார். பல லட்சம் என்றேன். அப்படியானால் அவரை உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, மதிப்பிடுங்கள் என்றார்.

மார்கரெட்டுக்கு எங்கள் ஊரைத் தெரியாது.

விண்ணப்பித்தவர் ரஹீமா பீவி, மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. அவரிடம் படித்து அறிவியல் பாடம் எடுத்துக் கல்லூரிக்குப் போகும் மீனவர் வீட்டு, முஸ்லிம் வீட்டுப் பெண் பிள்ளைகள், களப்பயணம் வரும்போதெல்லாம் வீட்டில் விடாததால் பின்தங்கிப் போகிறார்கள். போன வருடம் இரண்டு பேர் அறிவியலையே விட்டுவிட்டு வணிகவியலுக்கு மாறிவிட்டார்கள். இந்தப் பிள்ளைகளை மாதம் ஒருமுறை வெளியே அழைத்துப் போய், பாக் ஜலசந்தியின் கடற்புல்லையும், வலையில் சிக்கி வேண்டாமென்று வீசப்படும் உயிர்களையும் குறித்து எழுதப் பழக்க வேண்டும். இதுதான் திட்டம்.

கேட்டிருந்த செலவுதான் குழுவைக் குழப்பியது. கருவி ஒன்றும் கேட்கவில்லை. வேன் வாடகை, கழிவறை இருக்கும் இடங்களில் மட்டும் நிறுத்தம், விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்புதல், கூட வரும் மூன்று தாய்மார்களுக்கு ஒரு நாள் கூலி. இதில் அறிவியல் எங்கே இருக்கிறது என்று ஒருவர் ஓரத்தில் எழுதியிருந்தார். துணைக்கு ஒருவர் போதாதா, ஏன் மூவர் என்று இன்னொருவர். அந்தக் கேள்வியை விண்ணப்பித்தவரிடம் தொலைபேசியில் கேட்டுச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. விதிப்படி ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்.

4

காலை ஒன்பது மணிக்கு அழைத்தேன். அங்கே மதியம் இரண்டரை. சங்கத்தின் பெயரைச் சொல்லி ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். என் ஆங்கிலத்தின் இரண்டாவது வாக்கியத்திலேயே அந்த அம்மாள், நீங்க தமிழா என்று கேட்டுவிட்டார்கள்.

கேள்வியைக் கேட்டேன். தயங்காமல் பதில் வந்தது.

"ஒரு அம்மா வந்தா அது காவலுங்க. பிள்ளைக்கும் வெக்கம், அந்த அம்மாவுக்கும் வெக்கம். மூணு அம்மா சேந்து வந்தா அது டூரு. டூரு போறதை எங்க தெருவுல யாரும் தடுக்கிறதில்லை. ஆனா மீன் பிரிக்கிற வேலைக்குப் போறவங்க, ஒரு நாள் வந்தா ஒரு நாள் கூலி போயிரும். அதான் கேட்ருக்கேன்."

குழுவில் யாருக்கும் தெரியாத விஷயம் இரண்டு நிமிடத்தில் என் கையில் வந்துவிட்டது. நன்றி சொல்லி வைத்திருக்க வேண்டும். என் சக உறுப்பினர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்: கேள்வி, பதில், வானிலை பற்றி ஒரு வாக்கியம், வணக்கம்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது முடியாது. புதுக்கோட்டைக்காரர் இருவர் சந்தித்தால், எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீடு என்று கேட்டுக்கொண்டே போய், நடுவில் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடிக்கும் வரை பேச்சை விடமாட்டோம். கண்டுபிடித்த பிறகுதான் மூச்சே சீராகும். கோட்டைப்பட்டினத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். பள்ளிவாசலுக்குப் பின்னால் என்றார்கள். நீங்க எந்த ஊரு என்று பதிலுக்குக் கேட்டார்கள். அரிமளம் என்றேன். அரிமளத்துல எங்கிட்டு என்றார்கள். சொன்னேன். டிகிரி எங்கே என்று நான் கேட்க, புதுக்கோட்டை என்று அவர்கள் சொல்ல, நானும் அங்கேதான் என்று நான் சொல்ல, எந்த வருஷம், எந்த மேஜர் என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டு, ஆறாவது கேள்வியில் ஒரே வகுப்பில் வந்து நின்றோம்.

அவர்கள்தான் முதலில் கேட்டார்கள்.

"டைரி எழுதுற சிதம்பரமா நீங்க?"

ஆமாம், நான்தான் என்றேன். எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. முப்பத்தெட்டு வருடம் கழித்து, கடல்கள் தாண்டி, ஒருவர் என்னை நாட்குறிப்பை வைத்து அடையாளம் கண்டிருக்கிறார். அந்தப் பெருமை அரை நிமிடம் இருந்தது.

"அப்ப நார்த்தாமலை டூரும் அதுல இருக்கும்ல. எடுத்துப் பாருங்க, நானும் எங்க உம்மாவும் அன்னைக்கு எத்தனை மணிக்கு வந்தோம்னு."

அன்றைக்கு நடந்ததை அவர்களே சொன்னார்கள். தாவரங்கள் பார்க்க நார்த்தாமலைக்கு வகுப்போடு போனோம். பெயர் கொடுத்த ஒரே பெண் அவர்கள். வீட்டில், உம்மாவும் கூட வந்தால் போகலாம் என்று சொன்னார்கள். உம்மா முந்தின நாளே கோட்டைப்பட்டினத்திலிருந்து பஸ் ஏறி வந்து, புதுக்கோட்டையில் தங்கை வீட்டில் தங்கி, விடிவதற்கு முன் மகளோடு கல்லூரி வாசலுக்கு வந்துவிட்டார். வாடகை பஸ்ஸின் படியில் கையில் பட்டியலோடு வகுப்புத் தலைவர் நின்றார். அது நான்.

"திட்டலைங்க நீங்க. மரியாதையாத்தான் சொன்னீங்க, 'அம்மா பேரு லிஸ்ட்ல இல்லைங்க, சாரி'ன்னு. உம்மா இல்லாம நான் போக முடியாது. பஸ்ஸு தெரு முனை திரும்புற வரைக்கும் எங்க உம்மா சிரிச்ச மொகமாவே நின்னுச்சு."

ஆராய்ச்சிப் பக்கம் போகாததற்கு அதுதான் காரணமா என்று கேட்டேன். இல்லை, அதற்கு வேறு காரணங்களும் இருந்தன என்றார்கள். "ஆனா அன்னைக்கு ஏறிருந்தா அடுத்த தடவை கேட்டுருப்பேன். அதுக்கப்புறம் நான் கேக்கவே இல்லைங்க." இன்னும் இரண்டு வருடம்தான் சர்வீஸ். இந்த நிதியைப் பணியில் இருப்பவர்களுக்குத்தான் தருகிறார்கள். இந்த முறை விட்டால் அவர்களுக்கு இன்னொரு முறை இல்லை.

5

பெட்டியை இறக்கினேன். கயல்விழி, பூச்சி பார்க்கும் நாள் இன்னும் வரவில்லையே என்று கேட்டாள். பக்கம் உடனே கிடைத்தது. என் ஒழுங்கு அப்படி. அப்படியே தருகிறேன்:

"காலை 5.50 புறப்பாடு. பட்டியலில் 41. வந்தவர் 40. வராதவர் ஒருவர். இருக்கை மூன்று காலி. மாதிரிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. இட்லி ஆளுக்கு நான்கு. மேலமலையில் நல்ல காற்று. கோயிலுக்கு ஏறும் வழியில் என் அடியால் அளந்தேன், பின்னர் எழுதவும்."

அளந்ததைப் பின்னரும் எழுதவில்லை. அது இருக்கட்டும்.

எதுவும் விட்டுப்போகவில்லை என்று இத்தனை வருடம் நான் நம்பிய குறிப்பு இது. இட்லி கூட இருக்கிறது. வாசல் வரை வந்து நின்ற இரண்டு பேரில் ஒருவர் வராதவர் ஆகிவிட்டார், இன்னொருவர் இல்லவே இல்லை. மூன்று இருக்கைகள் காலியாக இருந்தன என்பதையும், அதில் பெட்டிகளை உட்கார வைத்தேன் என்பதையும் என் கையாலேயே எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறேன்.

இங்கே நான் வராதவர்களின் பிரதிநிதி. போத்தலோடு கையேட்டில் நிற்பவன். ஊரில் நான் பட்டியல் வைத்திருந்தவன். இந்த இரண்டு ஆட்களும் இதுவரை சந்தித்துக்கொண்டதில்லை.

6

விண்ணப்பித்தவர் தெரிந்தவர் என்றால் அறிவித்துவிட்டு, அந்த விண்ணப்பம் பேசப்படும்போது அறையை விட்டு வெளியேற வேண்டும். அது விதி. நான் வெளியேறினால் மூன்று அம்மாக்கள் ஏன் என்று சொல்ல அறையில் ஆள் கிடையாது. என் தொலைபேசிக் குறிப்பும் செல்லாது. ஐந்தே ஐந்து கேள்வி குறைவாகக் கேட்டிருந்தால் நான் உள்ளே இருந்திருப்பேன்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? கயல்விழியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் பொருளாதாரம் படிக்கிறாள். என் விவகாரங்களில் தலையிடுவதில்லை. முழுவதும் கேட்டுவிட்டு அவள் கேட்டது வேறு.

"அப்பா, என் ஸ்கூல் கேம்ப் ஞாபகம் இருக்கா?"

இது தமிழில் வந்ததால் நிமிர்ந்து பார்த்தேன். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் பள்ளியில் மலைப்பக்கம் அழைத்துப் போனார்கள். சம்மதப் படிவத்துக்கு நான் நான்கு இணைப்புகள் வைத்தேன். அதிலும் திருப்தியில்லாமல், உதவிக்கு வரும் பெற்றோராக நானே பெயர் கொடுத்து, குடையும் புளிச்சோறுமாகக் கூடப் போனேன். நல்ல நாள் என்று என் குறிப்பில் இருக்கிறது.

அவள் ஆங்கிலத்துக்குத் திரும்பிச் சொன்னாள்: அன்றைக்கு வேறு இரண்டு அப்பாக்கள் வந்திருந்தால் அவளுக்கு ஒன்றுமே தோன்றியிருக்காது. ஒரே ஒரு அப்பா வந்ததால் பஸ்ஸின் பின் இருக்கையில் போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு போனாள். அந்த டீச்சர் கேட்பது சரி, இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது?

குழுவே விழித்த கேள்விக்கு அவள் ரொட்டி வாட்டிக்கொண்டே பதில் சொல்லிவிட்டாள். அவள் என்னை விட்டுத் தள்ளித் தள்ளிப் போவதைப் பல பக்கங்களில் எழுதியிருக்கிறேன். அது எந்த பஸ்ஸில் ஆரம்பித்தது என்று எழுதியதில்லை.

அறிவிப்பது என்றே முடிவு செய்தேன். நேர்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பின்னால் தெரியவந்தால் நிதி ரத்தாகும். என்னால் அவர்கள் இரண்டாவது தடவை படியிலிருந்து திரும்ப வேண்டியிருக்கும். அந்தப் பயம்தான்.

படிவத்தில், விண்ணப்பித்தவரை எப்படித் தெரியும் என்று ஒரு வரி இருந்தது. எல்லோரும் "முன்னாள் சகா" என்பது போல இரண்டு சொல் எழுதுவார்கள். எனக்கு ஒரு வரி போதவில்லை. தனித்தாள் இணைத்தேன். பஸ், பட்டியல், உம்மா, காலியாக இருந்த இருக்கைகள், பெட்டிகள். இட்லியை மட்டும் விட்டுவிட்டேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. திட்டத்தைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. அது விதிக்கு விரோதம். "அன்று வராதவர் என்று நான் பதிவு செய்தவர் வந்திருந்தார்" என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

7

கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த விண்ணப்பம் வந்ததும் எழுந்தேன். வெளியே கிளம்பும்போது போயிட்டு வர்றேன் என்று சொல்லும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை, அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிடுவேன். மார்கரெட் கவலையோடு பார்த்து, இல்லை, இது முடியும்வரை நீங்கள் வரக்கூடாது என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் டீ இயந்திரம் பக்கத்தில் நின்றேன். கதவில் ஒரு கண்ணாடித் துண்டு உண்டு. அறிவிப்புகளை வாய்விட்டுப் படித்துக் குறிப்பில் ஏற்ற வேண்டும் என்பது விதி என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மார்கரெட்டின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. பிறகு தாளைத் திருப்பினார். மறுபடி அசைந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் போகும் வரை வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் தெரிந்தது. நான் சிரித்த முகமாக இல்லை.

முடிவு அன்று இல்லை. என் அழைப்பு செல்லாது என்பதால் மார்கரெட்டே மறுபடி அழைத்துக் கேட்பார் என்று சொன்னார்கள். அதோடு இன்னொரு முடிவும் எடுத்தார்கள். இனி அறிவிப்புப் படிவத்தில் ஐம்பது சொற்களுக்கு மேல் எழுதக்கூடாது, இணைப்பு கூடாது. இருபத்தாறு வருடத்தில் இந்த நாட்டின் நிர்வாகத்தில் நான் ஏற்படுத்திய ஒரே சீர்திருத்தம் இது.

8

இரண்டு வாரம் கழித்து மார்கரெட் என் கூடத்துக்கு வந்தார். நிதி கொடுத்தாகிவிட்டது, மூன்று அம்மாக்களும் உட்பட, எதையும் வெட்டவில்லை என்றார். இதைச் சொல்ல மின்னஞ்சல் போதும். அவர் போகாமல் நின்றார். ஒரு கேள்வி கேட்கத்தான் அழைத்தாராம். ரஹீமா பதில் சொல்லிவிட்டு, உங்களுக்கு எந்த ஊர், அம்மா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டுவிட்டார்களாம். மார்கரெட்டின் அம்மா வடக்கே ஒரு மீன்பிடி ஊரில் மீன் கூடத்தில் வேலை பார்த்தவர். எங்கே போனாலும் நாலு பேராகத்தான் போவார்கள், தனியாகப் போனால் ஊர் பேசும் என்று சொல்வாராம். அதை யாரிடமும் சொன்னதில்லை என்றார். இப்போது தனக்கும் ரஹீமாவைத் தெரியும் என்று ஆகிவிட்டதே, அறிவிக்க வேண்டுமா என்று கேட்டார். ஐம்பது சொல்லுக்குள் முடியாது, விட்டுவிடுங்கள் என்றேன்.

அன்று சாயங்காலம் பழைய நோட்டை எடுத்தேன். எழுதியதை அடித்துத் திருத்துவதில்லை என்பது என் விதி. அடிக்கவில்லை. அந்த வரிக்குக் கீழே இன்றைய தேதியிட்டு எழுதினேன்: "திருத்தம். வந்திருந்தனர், இருவர்."

போன சனிக்கிழமை ரஹீமாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கோடு போட்ட தாளில் கையால் எழுதிய பட்டியல். முதல் பயணம். கடற்கரைக்கு அல்ல, நார்த்தாமலைக்கு. பிள்ளைகள் பதினாலு பேர், அம்மாக்கள் மூன்று பேர், ஆசிரியை. எல்லோருக்கும் மேலே முதல் எண்ணில் "ஆயிஷா, வயது 78" என்று இருந்தது. பக்கத்தில் சின்னதாக, "உம்மா. கூலி கிடையாது, தானா வருது."

நெடுநேரம் அந்த முதல் வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பழக்க தோஷத்தால் எண்களைச் சரிபார்த்தேன். பதினேழுக்குப் பிறகு பத்தொன்பது என்று இருந்தது. பதினெட்டு இல்லை. பட்டியலில் ஒரு எண் இல்லை என்றால் வாசலில் ஒருவர் நிற்கிறார் என்றுதான் இப்போதெல்லாம் தோன்றுகிறது. பதினெட்டு யார் என்று கேட்டு அனுப்பினேன்.

வேன் வழியில் இருந்தது போலிருக்கிறது, பதில் வர நேரமானது. குரலாகவே அனுப்பியிருந்தார்கள். பின்னால் பிள்ளைகள் சத்தம், யாரோ ஒரு அம்மா சன்னலை மூடச் சொல்லும் சத்தம்.

"எண்ணுறதுல விட்டுப்போச்சுங்க, அவ்வளவுதான். ஆள் யாரையும் விடலை. நீங்க டீயக் குடிங்க."

குடித்தேன். காலை 6.10.